களைக்கொல்லி பாதுகாப்பானதா? யாருக்கு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்

களைக்கொல்லியில் ஆபத்து உச்சத்தில் இருப்பது தெளிக்கும்போது அல்ல, மூடியைத் திறக்கும்போது. பாட்டிலுக்குள் இருப்பது அடர்கரைசல். லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி என்று கலந்துவிட்டால் அதன் வீரியம் பல மடங்கு குறைந்துவிடும். ஆனால் அளக்கிற கை படுவது அந்த அடர்கரைசலில்தான். பாட்டில் மூடியே அளவுகோலாக இருக்கும். வழிந்தது விரலிடுக்கில் இறங்கும். உடுத்திய துணியிலேயே துடைத்துவிட்டு வேலை தொடரும். பிறகு தெளிப்பானை முதுகில் ஏற்றுவார்கள். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் முதுகில் ஒரு ஈரம் இறங்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதி எடுப்பவர்கள் இன்றும் உண்டு. முன்னால் அடித்துக்கொண்டே நடப்பவர், தான் நனைத்த களைக்குள்தான் அடுத்த அடியை வைக்கிறார். முழங்காலுக்குக் கீழே முழுக்க நனைந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு களைக்கொல்லி பாதுகாப்பானதா என்று கேட்கும்போது நாம் ஒரே கேள்வி கேட்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது நான்கு பேரைப் பற்றிய நான்கு கேள்விகள். கலந்து அடிப்பவர், அந்த விளைச்சலைச் சாப்பிடுபவர், அந்த நிலத்தின் கீழே ஓடும் தண்ணீரைக் குடிப்பவர், மனம் உடைந்த ஒரு நேரத்தில் அந்தப் பாட்டிலை எடுப்பவர். ஒரே ரசாயனத்துக்கு இந்த நால்வரிடமும் நான்கு விதமான பதில் கிடைக்கும். ஒரு நாடு தடை செய்ததை இன்னொரு நாடு தாராளமாக விற்பதற்குப் பெரும்பாலும் காரணம், யார் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. யாரைக் கணக்கில் எடுத்தார்கள் என்பதுதான்.

பாராகுவாட்டை எடுத்துக்கொள்வோம். களை கொல்லும் அதன் குணத்தை 1955இல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் கண்டறிந்தது, 1962இல் சந்தைக்கு வந்தது. பச்சை இலையில் பட்டால் ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து, ஆக்சிஜனை நச்சு வடிவமாக மாற்றிவிடும். வெயில் நன்றாக அடித்தால் சில மணி நேரத்திலேயே இலை வாடும். மண்ணில் விழுந்ததும் களிமண் துகள்களில் இறுகப் பிடித்துக்கொண்டு செயலிழந்துவிடும். விவசாயியின் கண்ணோட்டத்தில் இதைவிட வசதியான சரக்கு அபூர்வம்.

ஆனால் அதே வேலையை அது மனித நுரையீரலிலும் செய்கிறது. நுரையீரல் செல்கள் வேறொரு பொருளை உள்ளே இழுக்க வைத்திருக்கும் பாதை வழியாகவே பாராகுவாட்டையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் ஆக்சிஜனைப் பிடித்து மறுபடியும் மறுபடியும் நச்சாக்குகிறது. முதலில் வாயும் நாக்கும் புண்ணாகும், பிறகு சிறுநீரகம் தடுமாறும். நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். நாட்கள் போகப்போக நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். முறிமருந்து கிடையாது. மூச்சுத்திணறுபவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதுதான் எந்த மருத்துவரின் கையும் முதலில் செய்யும் காரியம். இங்கே அதுவே நஞ்சுக்குத் தீனி என்பதால் தள்ளிப்போடுகிறார்கள். இதைவிடக் கொடுமையான ஒரு கையறுநிலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இவ்வளவு இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் பாராகுவாட் இரண்டாம் வகுப்பு, அதாவது மிதமான ஆபத்து. அந்த வகைப்பாடு எலிகளை வைத்துப் போடப்படுவது. சோதனை எலிகளில் பாதியைக் கொல்ல எவ்வளவு தேவை என்பதுதான் அடிப்படை எண். எலிக்குக் கொடுத்த அளவு நடுத்தரமாக இருந்ததால் பாராகுவாட்டும் நடுத்தர வகுப்பில் உட்கார்ந்துவிட்டது. பின்னாளில் வரும் கடுமையான விளைவு பற்றி அந்தப் பட்டியலிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் பாட்டிலின் லேபிளுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பைத்தான் பார்க்கிறார்கள், குறிப்பை யாரும் பார்ப்பதில்லை.

எலியை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை இலங்கை காட்டியது. அங்கே 2002 முதல் 2008 வரை பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி நஞ்சோடு மருத்துவமனைக்கு வந்த 9,302 பேரைத் தொடர்ந்து கவனித்து ஓர் ஆய்வு வெளியானது. எந்த ரசாயனம், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதுதான் கேள்வி. சிலவற்றில் யாருமே இறக்கவில்லை. பாராகுவாட்டில் நூற்றுக்கு 40க்கும் மேல் இறந்தார்கள். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியின் கலவையை உட்கொண்டு வந்த 601 பேரைப் பற்றிய தனி ஆய்வில் இறப்பு 3.2 சதவீதம். பாராகுவாட்டோடு ஒரே வகுப்பில் அடைக்கப்பட்ட வேறு மருந்துகளிலும் இறப்பு பாராகுவாட்டில் பாதிகூட இல்லாதவை இருந்தன. எலிக் கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டவே இல்லை.

இலங்கை முதலில் பாராகுவாட் கரைசலின் அடர்த்தியை 20 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைத்தது. 2008இலிருந்து 2011க்குள் டைமெத்தோயேட், ஃபென்தியான் என்ற பூச்சிக்கொல்லிகளோடு சேர்த்து அதைப் படிப்படியாக விலக்கியது. தென்கொரியா 2011இல் பதிவை ரத்து செய்து 2012இல் விற்பனையை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அங்கே பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. மகசூல் குறையவில்லை. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு கொந்தளிப்பு, அந்த நேரம் கடந்துவிட்டால் மனிதர் மீண்டு வாழ்கிறார். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதை முடிவு செய்வது இந்த மருந்துகளுக்கு அனுமதி தரும் அலுவலகத்தில் இருப்பவர்தான். “தவறாகப் பயன்படுத்தியதற்கு நாங்கள் என்ன செய்வது” என்று உற்பத்தியாளர் கேட்பார். நியாயம் போலத் தோன்றும் கேள்விதான். ஆனால் வீடும் வயலும் ஒட்டியிருக்கும் இடத்தில், பூட்டு இல்லாத அறையில் அந்தப் பாட்டில் இருக்கும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்த பிறகு அதையும் பயன்பாட்டின் ஒரு பகுதியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே இலங்கையில் இன்னொரு தடையும் நடந்தது. 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. வட மத்தியப் பகுதி விவசாயிகளை வாட்டும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோய்க்கு அதுவே மூலம் என்ற கருதுகோள்தான் பின்னணி. நோய் உண்மை. அந்தக் குடும்பங்களின் வேதனை உண்மை. ஆனால் கிளைபோசேட்தான் காரணம் என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. மாற்று ஏற்பாடும் இல்லை. 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் விலக்கு கொடுத்தார்கள், 2022இல் தடையே விலகியது. பாராகுவாட் தடை மருத்துவமனைப் படுக்கைகளில் எண்ணி எடுத்த கணக்கிலிருந்து வந்தது, நிலைத்தது. கிளைபோசேட் தடை பதற்றத்திலிருந்து வந்தது, நிலைக்கவில்லை. தடை என்ற சொல் இரண்டுக்கும் பொது என்பதால் இரண்டையும் ஒரே மாதிரி எண்ணிவிடக் கூடாது.

கிளைபோசேட் என்றதும் புற்றுநோய் வந்துவிடும். அந்தக் குழப்பத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் மான்சான்டோ இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தாவரங்கள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு வழியை இது அடைத்துவிடுகிறது. அந்த வழி தாவரங்களிலும் பூஞ்சைகளிலும் பல பாக்டீரியாக்களிலும் உண்டு, விலங்குகளில் இல்லை. இதுதான் பாதுகாப்பு வாதத்தின் ஆணிவேர், சரியான வாதம்தான்.

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கிளைபோசேட்டை 2ஏ பிரிவில் வைத்தது. ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம்’ என்பது அதன் பொருள். அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘வாய்ப்பில்லை’ என்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் கூட்டம், உணவின் வழியாக அந்த ஆபத்து வர வாய்ப்பில்லை என்றது. ஒரே தாய் நிறுவனத்தின் இரண்டு பிள்ளைகள் எதிரெதிராகப் பேசுவதுபோல இருந்ததால் பொதுமக்கள் திகைத்துப்போனார்கள்.

இரண்டு குழுக்களும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதைப் பார்த்தால் பாதித் திகைப்பு தீரும். புற்றுநோய் முகமை கேட்டது, இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று. எவ்வளவு பட்டால் என்ற கேள்வி அதன் வேலையில் சேராது. அதனால்தான் 2ஏ பட்டியலில் மாட்டிறைச்சி போன்ற சிவப்பிறைச்சியும், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும், இரவுப் பணியும்கூட இருக்கின்றன. நிபுணர் கூட்டம் கேட்டது, உணவில் வரும் இவ்வளவு எச்சத்தால் ஆபத்தா என்று. மீதிப் பாதி, யார் எந்தக் காகிதத்தைப் படித்தார்கள் என்பதில் இருக்கிறது. முகமை வெளியான ஆய்வுகளை மட்டும் பார்த்தது, கடையில் விற்கும் கலவையைப் பற்றிய ஆய்வுகளையும் சேர்த்தது. ஐரோப்பிய ஆணையம் முக்கியமாகத் தூய மூலப்பொருளைப் பார்த்தது, நிறுவனங்கள் சமர்ப்பித்த வெளியாகாத ஆய்வுகளுக்கும் இடம் கொடுத்தது.

கலவைக்கும் மூலப்பொருளுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமல்ல. இலையின் மெழுகுப் பரப்பில் ஒட்டிக்கொள்ள உதவும் சோப்பு போன்ற துணைப்பொருள் இல்லாமல் கிளைபோசேட் வேலை செய்வது கடினம். அப்படி நெடுங்காலம் சேர்த்துவந்த பீஓஈஏ என்ற பொருள், கிளைபோசேட்டைவிட மீன்களுக்கும் மனித செல்களுக்கும் கடுமையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் அதை கிளைபோசேட் கலவைகளிலிருந்து நீக்கியது. ஆகவே இரண்டு கண்டங்களில் ஒரே பெயரில் நிற்கும் இரண்டு பாட்டில்கள் ஒன்றல்ல. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது மூலப்பொருளின் சதவீதம் மட்டும். மீதிக்கு ‘இதர பொருள்கள்’ என்ற ஒரே சொல். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தோலில் படுவது முழுக் கலவை, பாதிப் பெயரைச் சொல்வது எப்படிப் போதும்?

தெளிப்பவர்களைப் பற்றி என்ன தெரியும்? அமெரிக்காவில் உரிமம் பெற்ற 54,251 தெளிப்பாளர்களைத் தொடர்ந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஹாட்ஜ்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோயோடு கிளைபோசேட்டுக்குத் தொடர்பு தெரியவில்லை. மறு ஆண்டு, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட இன்னொரு குழு, மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் அந்த நோயின் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல் என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குப் படுவது இது: சாப்பிடுபவர் இதை நினைத்து அஞ்சத் தேவையில்லை, ஆண்டுக்கணக்கில் முதுகில் சுமந்து அடிப்பவருக்கு அதே உறுதியை யாரும் கொடுத்துவிட முடியாது. 2018இல் கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளித் தோட்டப் பணியாளருக்கு ஆதரவாக 28.9 கோடி டாலர் தீர்ப்பு வந்ததும் (மேல்முறையீட்டில் வெகுவாகக் குறைந்தது), மான்சான்டோவை வாங்கியிருந்த பேயர் நிறுவனம் 2020இல் 1,000 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கிச் சமரசத்துக்கு முன்வந்ததும் நீதிமன்ற நிகழ்வுகள். எச்சரித்தார்களா இல்லையா என்பதே அங்கே மையக் கேள்வி. விஞ்ஞானக் கேள்வியை ஜூரி தீர்த்துவைத்ததாக எடுத்துக்கொள்வது தவறு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கிளைபோசேட்டுக்கு இன்னும் 10 ஆண்டு அனுமதி நீட்டித்தது.

தண்ணீர் குடிப்பவரைக் கணக்கில் எடுத்தால் காட்சி மறுபடி மாறும். அட்ரசின் என்ற களைக்கொல்லி 1958இல் வந்தது, மக்காச்சோளம், சோளம், கரும்புக்கு அடிப்பது. மண்ணில் எளிதில் பிடிபடாது, மழைநீரோடு கீழே இறங்கிவிடும். குடிநீரில் இதற்கு வைத்த வரம்பு ஐரோப்பாவில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 3, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு, சிதைவுப் பொருள்களையும் சேர்த்து, 100. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 1,000 மடங்கு வித்தியாசம்! மூவரில் இருவர் தப்பு என்று தோன்றும். அப்படியில்லை. ஐரோப்பாவின் 0.1 நச்சுக் கணக்கே அல்ல. 1980இல் குடிநீர் விதி எழுதியபோது, குடிக்கும் தண்ணீரில் எந்தப் பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் இருக்கவே கூடாது என்று முடிவு செய்து, அன்றைய கருவிகளால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவையே வரம்பாக வைத்தார்கள். மிகச் சில விலக்குகள் போக, எந்த மருந்தாக இருந்தாலும் அதே 0.1தான். நிலத்தடி நீரில் அதைத் தாண்டியதால் 2000களின் தொடக்கத்தில் அட்ரசின் அங்கே விடைபெற்றது. மற்ற இரண்டும், விலங்குச் சோதனையில் தீங்கு தெரியாத அளவை எடுத்துப் பாதுகாப்புக்காகப் பல மடங்கு வகுத்து வந்தவை. விலங்கிலிருந்து மனிதருக்கு வர பத்து, மனிதருக்கு மனிதர் வேறுபட பத்து, ஆக நூறு என்பது பொதுவான வழக்கம். எந்தத் தீங்கை முதல் தீங்காக எடுக்கிறோம் என்பதில் கருத்து மாறினால் விடையும் மாறும்.

0.1 என்பது ஒரு விருப்பம், ஒரு சமூகம் தன் தண்ணீரைப் பற்றி எடுத்த நிலைப்பாடு. நான் அதன் பக்கம்தான். ஒரு கிணற்றில் இறங்கிவிட்ட ரசாயனத்தைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது, அப்போது வரம்பைப் பற்றி வாதிட்டு என்ன பயன்?

சட்டத்தின் அடித்தளமே வேறு என்பதும் இதில் சேரும். ஐரோப்பாவின் 1107/2009 ஒழுங்குமுறைப்படி, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகவோ, கருவைப் பாதிப்பதாகவோ, ஹார்மோனைக் குலைப்பதாகவோ உறுதியான வகைப்பாடு பெற்றுவிட்டால், மிகச் சில விலக்குகள் போக, அனுமதி கிடையாது. எவ்வளவு படும் என்ற கணக்குக்கே போகமாட்டார்கள். அமெரிக்கச் சட்டம், நியாயமற்ற தீங்கு கூடாது என்கிறது. எது நியாயமற்றது என்பதைத் தீர்மானிக்கப் பயனையும் செலவையும் தராசில் வைக்கிறது. பாராகுவாட் அங்கே இன்றும் உண்டு, பயிற்சியும் உரிமமும் உள்ளவர் மட்டும் தொடலாம் என்ற நிபந்தனையோடு. சாயம், வாந்தியெடுக்க வைக்கும் பொருள், துர்நாற்றம் எல்லாம் சேர்த்து, ஒரு வாய் போதும் கொல்ல என்ற எச்சரிக்கையோடு விற்கிறார்கள். ஐரோப்பாவில் அதற்குக் கிடைத்த அனுமதியை எதிர்த்து ஸ்வீடன் வழக்குப் போட்டது. 2007 ஜூலையில் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பிரிட்டனில் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையில் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தது. தன் மக்களுக்கு ஆகாது என்று ஒதுக்கியதை அடுத்தவருக்கு விற்பதைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான் உண்டு, அது தவறு. இறக்குமதி செய்யும் நாட்டுக்கு முன்னறிவிப்பு கொடுக்க வைக்கும் ராட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் பாராகுவாட் கலவையைச் சேர்க்க புர்கினா ஃபாசோ முன்மொழிந்தது. அங்கே எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் சேர்க்க முடியும். 2013இலிருந்து சில நாடுகளின் எதிர்ப்பால் அது முட்டிக்கொண்டே நிற்கிறது.

பயந்துபோய் ‘இயற்கை’ களைக்கொல்லிக்கு மாறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 சதவீத அசிட்டிக் அமிலம் சமையலறை வினிகர் அல்ல. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உப்பைக் கொட்டினால் களையோடு மண்ணும் போகும்.

கடைசியாக, கணக்கில் வராதவர் யார் என்பதை அப்பட்டமாகக் காட்டிய ஒரு நிகழ்வு. டிசிபிஏ என்ற களைக்கொல்லி, வெங்காயம், முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி வயல்களில் பல பத்தாண்டுகளாக அடிக்கப்பட்டது. ஐரோப்பா 2009இல் விலக்கியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கருவிலுள்ள குழந்தையின் தைராய்டு பற்றிய ஆய்வை 2013இல் நிறுவனத்திடம் கேட்டது. தேவையான தரவு வந்து சேர்ந்தது 2022இல். 2024 ஆகஸ்ட்டில் அவசர ஆணை போட்டு விற்பனையையும் பயன்பாட்டையும் நிறுத்தினார்கள். அப்படியொரு அவசர ஆணை ஏறக்குறைய 40 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அந்த வயல்களில் வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்களின் உடலில் சேரக்கூடிய அளவு, கருவுக்குப் பாதுகாப்பானது என்று முகமையே கணித்த அளவைப்போல 4 முதல் 20 மடங்கு இருந்தது.

லேபிளில் எழுதியிருந்தது: தெளித்து 12 மணி நேரம் வயலில் இறங்கக் கூடாது. பல பயிர்களில் 25 நாளோ அதற்கு மேலோ வயல் பாதுகாப்பாக இருக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. அந்த லேபிளை நம்பி மறுநாள் காலையில் நாற்றைத் தொட்டவர்கள் பாட்டிலைத் திறந்ததே இல்லை. தெளிப்பானைத் தூக்கியதும் இல்லை.